மணல் குடித்துவிடும் என்று சொன்னேன்

1

இன்று காலை இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. தான்சானியாவில் இதற்கு மசிகா என்று பெயர். நம் ஊரில் பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும்போது தொடங்கி, கத்திரி முடிகிற வரைக்கும் பெய்யும். நான் வேலை செய்யும் சஃபாரி விடுதியின் விளம்பரத் தாளில் மட்டும் மழை என்ற சொல்லே கிடையாது. "மரகதப் பருவம்" என்று போட்டிருக்கும். பச்சைப் புல், நடுவில் ஒரு வரிக்குதிரைக் குட்டி, மேலே ஒரு வானவில். பூஞ்சை மணக்கும் மெத்தை அந்தப் படத்தில் இல்லை. விளக்கைப் போட்டதும் சூப் கிண்ணத்தில் வந்து விழும் ஈசலும் இல்லை. வாடகையைக் குறைத்து, மழைக்கு நகைக்கடைப் பெயர் வைத்தால் ஆட்கள் வந்து இறங்குவார்கள் என்பது முதலாளியின் நம்பிக்கை. வந்து இறங்கவும் செய்கிறார்கள். பிறகு என் மேசைக்கு வந்து, "இப்படி மழை பெய்யும் என்று யாரும் சொல்லவில்லையே" என்கிறார்கள். மழைக்காடுகளைக் காப்பாற்ற நன்கொடை கொடுப்பதாகச் சொன்ன ஒருவர், அறைக் கூரையில் மழைச் சத்தம் அதிகமாக இருக்கிறது, குறைக்க முடியுமா என்று கேட்டார். இதற்கெல்லாம் புன்னகை செய்யத்தான் எனக்குச் சம்பளம்.

மழை வந்ததை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"அங்க மழையா? இங்க அடுப்புல ஒக்கார வெச்சா மாதிரி இருக்குதுடி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "போன வருசம் மழையிலதான உனக்கு வேலை போச்சு, ஜாக்கிரதையா இரு" என்றாள்.

என் வேலை போகவில்லை, பதவிதான் போனது. ஆனால் எங்கள் தெருவில் அதைப் பற்றி இப்போது மூன்று கதைகள் ஓடுகின்றனவாம். ஒன்றில் என்னை யானை துரத்தியது. இன்னொன்றில் நான் முதலாளியைக் கைநீட்டி அடித்தேன். மூன்றாவதை அம்மா சொல்ல மறுத்துவிட்டாள், அதனால் அது என்ன என்று எனக்குத் தெரியும். "சிங்கம் வீடியோ அனுப்பு" என்பதற்கு மேல் என்னிடம் ஒரு கேள்வி கேட்காத சொந்தக்காரர்கள், என்னைப் பற்றிக் கதை கட்ட மட்டும் நேரம் வைத்திருக்கிறார்கள். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கை. காஞ்சிபுரம் என்று சொன்னதும் எல்லாரும் பட்டுப்புடவையையும் கோபுரத்தையும் நினைப்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் பட்டு நெய்ததில்லை, உடுத்தியதும் இல்லை. அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா ஏனாத்தூரில் ஒரு மாணவர் விடுதிச் சமையலறையில் காய் நறுக்குகிறாள். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம் அடுத்தவர் நிலத்தில் குனிந்து நிமிர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதனால் இரண்டு பழக்கங்கள் எனக்கு வந்தன.

முதலாவது, "தெரியாது" என்று சொல்லாமல் இருப்பது. வகுப்பில் மற்ற பிள்ளைகள் தெரியாது என்றால், படிக்கவில்லை என்று அர்த்தம். நான் சொன்னால், "இவளுக்கு எப்படித் தெரியும்" என்று அர்த்தம். அந்த வாய்ப்பை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

இரண்டாவது, மனு எழுதுவது. எட்டாம் வகுப்பிலிருந்து தெருவுக்கே நான்தான் எழுதினேன். ஒரு ஐப்பசி மழையில் எங்கள் தெருக் கால்வாய் வழிந்து நாலு வீட்டுச் சுவர் விழுந்தது. கால்வாயை மண் போட்டு மேடாக்கி, மேலே கடை கட்டியது யார் என்று எல்லாருக்கும் தெரியும். நான் அந்த ஆளின் பெயரைப் போட்டு எழுதிவிட்டேன். அப்பா படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"பேரு வேணாம்மா" என்றார்.

"அவன்தான அடைச்சான்?"

"அவன்தான். பேரு போட்டா நாளைக்கு அவன் மூஞ்சில எப்பிடி முழிக்கறது? மூட்டை தூக்கறதே அவங்க மண்டிலதான."

நான் மாற்றி எழுதினேன். "கால்வாய் அடைக்கப்பட்டுள்ளது." அவ்வளவுதான். யாரோ, எப்போதோ, எதனாலோ. கிராம நிர்வாக அலுவலகத்தில் இருந்தவர் படித்துவிட்டு, "யாரு எழுதினது இது? அழகா எழுதியிருக்குதே" என்றார். செய்தவன் இல்லாத வாக்கியத்துக்கு அரசாங்கத்தில் எப்போதும் நல்ல மரியாதை. நிவாரணம் வந்தது. கடை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அந்தத் திறமையோடுதான் சென்னையில் ஓட்டல் நிர்வாகம் படித்து, ஆங்கிலத்தில் பயோடேட்டா எழுதி, இங்கே துணை மேலாளராக வந்து சேர்ந்தேன். இந்த நாட்டில் வேலை அனுமதிச் சீட்டு வாங்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி: "உள்ளூர்க்காரரிடம் இல்லாத என்ன திறமை இவரிடம் இருக்கிறது?" படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு விநாடி கூட யோசிக்காமல், "நெருக்கடியில் முடிவெடுக்கும் திறன்" என்று எழுதினேன்.

3

ரெஹேமா எங்கள் விடுதியின் ஓட்டுநர், வழிகாட்டி. என் வயதுதான். இந்தப் பக்கத்தில் வழிகாட்டி உரிமம் வாங்கிய பெண்கள் மிகவும் குறைவு. அவள் வீட்டிலும் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் அவள்தான். இந்த ஒற்றுமை எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் இன்னொருத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

அவள் பேசுவது சுவாஹிலி, கொஞ்சம் ஆங்கிலம். அதைத் தமிழில் எழுதும்போது என் கையில் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் வருகிறது. அதை மாற்றப் போவதில்லை. அவள் என்னைத் தாதா என்று கூப்பிடுவாள். சுவாஹிலியில் அக்கா என்று அர்த்தம். அம்மாவிடம் சொன்னபோது, "இன்னாடி, ஆப்பிரிக்கா போய் ரவுடி ஆயிட்டியா?" என்று கேட்டாள்.

இன்னொரு சொல்லும் உண்டு: போலே. ஒருவர் தடுக்கி விழுந்தால் போலே. மழையில் நனைந்து வந்தால் போலே. காய்ச்சலுக்கு, சாவுக்கு, பேருந்தை விட்டதற்கு எல்லாம் போலே. "உனக்கு இப்படி ஆகிவிட்டதே" என்று பொருள். சொல்பவர் தவறு செய்ததாக அர்த்தம் இல்லை. ஆங்கிலத்தில் இதை "சாரி" என்று மொழிபெயர்ப்பார்கள், தப்பாக. எனக்கு இந்தச் சொல் பிடித்ததே இல்லை. என்னைப் பார்த்து யாரும் ஐயோ பாவம் என்று சொல்லக்கூடாது என்பதற்குத்தானே இவ்வளவு படித்தேன்.

விடுதிக்கும் சின்ன விமானங்கள் இறங்கும் மைதானத்துக்கும் நடுவில் ஒரு மணல் ஆறு இருக்கிறது. பாலம் கிடையாது. வருடத்தில் பாதிக்கு மேல் வெறும் மணல், ஜீப் அதன் மேலேயே போய் வரும். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. பாலாறும் மணல்தான். லாரி லாரியாக அள்ளியது போக மிச்சம் இருக்கிற மணல். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒரே ஒருமுறை அதில் நல்ல தண்ணீர் வந்தது. வாணியம்பாடியில் வந்துவிட்டதாம், வாலாஜா அணைக்கட்டைத் தாண்டிவிட்டதாம் என்று நாள்கணக்கில் செய்தி வந்துகொண்டே இருந்தது, தண்ணீரைக் காணோம். "மணல் குடிச்சிக்கினு இருக்குது" என்று பெரியவர்கள் சொன்னார்கள். கடைசியில் அது வந்தபோது, ஏதோ சாமி ஊர்வலம் போல ஊரே போய்ப் பூத்தூவி, படம் எடுத்துக்கொண்டு வந்தது. ஆறு என்றால் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி வருவது. எனக்குத் தெரிந்தது அதுதான். அது ஒரே ஒரு ஆற்றைப் பற்றிய அறிவுதான் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லா ஆறும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

4

போன வருடம் இதே நேரம், மேலாளர் விடுப்பில் இருந்தார். விடுதி என் பொறுப்பில். துபாயில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம் வந்திருந்தது. கணவர் மூன்று நாளும் தொலைபேசியில் இருந்தார். பன்னிரண்டு வயதுப் பையன் யானையைப் பார்த்துவிட்டு, கைக்கணினித் திரையில் வேறொரு யானையைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான், அதில் அந்த அம்மாவுக்கு ஒரு பெருமை.

முதல் நாள் அந்த அம்மா என்னிடம், "நீங்க தமிழா? எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

"காஞ்சிபுரம்."

"அட! எங்க மாமியார் ஊரு. எந்தத் தெரு?"

எங்கள் ஊரில் இது முகவரி கேட்கும் கேள்வி அல்ல. அது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

"டவுன்ல இல்ல. ஓரிக்கை" என்று சொல்லி, எந்தப் பக்கம் என்றும் சொன்னேன்.

"ஓ... அந்தப் பக்கமா" என்றார். அடுத்த வாக்கியம், "நீ இங்க எப்படி வந்த?" என்று இருந்தது. நீங்க, நீ ஆவதற்கு ஒரு தெருப் பெயர் போதுமாக இருந்தது. ஐயாயிரம் கிலோமீட்டரோ என்னவோ, அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து, சிங்கம் உறுமுகிற காட்டில் நின்றுகொண்டு கேட்கத் தோன்றியது அதுதான். அவர் பெட்டியில் ஒரு பட்டுப்புடவை இருந்தது. ஜீப் மேல் நின்று சூரிய அஸ்தமனத்தில் படம் எடுக்க. "அசல் காஞ்சிபுரம், உனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்று என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொடவில்லை.

அவர்கள் கிளம்பும் நாள் காலை. விடுதியில் வெறும் தூறல். மைதானத்தில் விமானம் காத்திருந்தது. சாமான்களை ஏற்றிய பிறகும் ரெஹேமா வண்டியில் ஏறாமல் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாதா, ஒரு மணி நேரம் பொறு. மலை மேல நல்லா பேஞ்சிருக்குது. ஆத்துல தண்ணி வருது" என்றாள்.

"எங்க வருது? காய்ஞ்சி கெடக்குதே."

"வந்துக்கினு இருக்குது."

அந்த அம்மா குறுக்கே வந்தார். "என்ன சொல்றா அவ? திங்கக்கிழமை பையனுக்குப் பரீட்சை. ஃபிளைட்டை விட முடியாது." பிறகு என்னைப் பார்த்தார். "உனக்கு இதெல்லாம் தெரியுமா? தெரியலைன்னா உனக்கு மேல இருக்கறவங்க யார்கிட்டயாவது கேட்டுச் சொல்லும்மா."

"எனக்கு மேல இங்க யாரும் இல்லைங்க" என்றேன். ரெஹேமாவிடம் திரும்பினேன். "நான் மணல் ஆத்துப் பக்கத்துல பொறந்தவ. ஒரு மழைக்கெல்லாம் தண்ணி வராது. மணல் குடிச்சிடும். எடு வண்டிய."

ரெஹேமா என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் சொல்ல முடியும். பயம் இல்லை, கோபமும் இல்லை. ஒரு கணக்குப் போட்டாள். மறுத்தால் பெண் என்பதால் பயந்தாள் என்பார்கள். அவள் உரிமத்துக்கு இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏறி உட்கார்ந்தாள். நானும் முன்னால் ஏறினேன், என் தைரியத்தைக் காட்ட.

மணலில் பாதி தூரம் போனபோது சக்கரத்துக்கு முன்னால் கொட்டிய டீ போல ஒரு கோடு ஓடி வந்தது. அவ்வளவுதானா என்று நினைத்தேன். அப்போது சத்தம் கேட்டது. கல் லாரியைக் கவிழ்க்கிற சத்தம், நிற்காமல். வளைவில் அது தெரிந்தபோது தண்ணீராகவே தெரியவில்லை. முழங்கால் உயரத்துக்கு அழுக்கு நுரை, முள், யானைச் சாணம், ஒரு முழு மரக்கிளை எல்லாம் சேர்ந்த ஒரு சுவர் நடந்து வந்தது. ரெஹேமா வண்டியை முடுக்கினாள், பின்சக்கரம் ஈர மணலில் புதைந்தது.

"எறங்கு! எல்லாம் எறங்கு! ஓடு!"

நான் ஓடினேன். அந்த அம்மாவும் கணவரும் ஓடினார்கள். பையன் மட்டும் கீழே விழுந்த கைக்கணினியை எடுக்கக் குனிந்தான். ரெஹேமா திரும்பிப் போய் அவனை வெளியே இழுத்தாள். இழுக்கும்போது கதவு காற்றில் அறைந்ததுபோல் வந்து அவள் மணிக்கட்டில் மோதியது. இடுப்பளவு தண்ணீரில் அவனை ஒரு கையால் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாங்கள் கரையில் நின்று பார்த்தபோது ஜீப் ஒரு தீப்பெட்டி போலப் புரண்டு போனது.

மணல் எதையும் குடிக்கவில்லை.

5

யாரும் சாகவில்லை. ரெஹேமாவின் மணிக்கட்டு முறிந்தது. துபாய்க் குடும்பம் மறுநாள் வேறு வழியாகப் போய்ச் சேர்ந்தது. ஊர் போனதும் அந்த அம்மாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பெட்டிகள் கிடைத்தனவா, முக்கியமாகப் புடவை கிடைத்ததா என்று. மகனை இழுத்து வந்தவளின் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. புடவை மூன்றாம் நாள் ஆற்றோரம் ஒரு முள்மரத்தில் கிடைத்தது. சேறு காய்ந்து முரடாக, சரிகை மட்டும் பளபளத்துக்கொண்டு. அனுப்பி வைத்தோம். நன்றி என்று பதில் வந்தது.

முதலாளிக்கு அறிக்கை எழுத வேண்டியவள் நான். அவர் நகரத்தில் இருக்கிறார், காலணியில் சேறு படாமல் காட்டைச் சொந்தமாக வைத்திருப்பவர். நான் உட்கார்ந்து அழகாக எழுதினேன். "வெள்ள அறிகுறிகள் இருந்தபோதிலும் வண்டி ஆற்றில் இறக்கப்பட்டது." ஆங்கிலத்தில் இன்னும் அழகாக வந்தது. பொய் ஒரு சொல்கூட இல்லை. எங்கள் தெருக் கால்வாய் அடைக்கப்பட்டதைப் போலவே வண்டி இறக்கப்பட்டது.

அந்த மாதிரி வாக்கியத்தில் செய்தவர் இல்லாவிட்டால் படிப்பவர் ஒருவரைப் போட்டுக்கொள்வார். முதலாளி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவளைப் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை கையில் கட்டோடு ரெஹேமா என் அறை வாசலில் வந்து நின்றாள். "போலே, தாதா" என்றாள். நான் பயந்து போயிருப்பேன் என்று பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாள். முறிந்த கை அவளுடையது, ஆறுதல் எனக்கு.

மறுநாள் முதலாளி தொலைபேசியில், "அவள் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார்.

"மன்னிப்புக் கேட்டாள்" என்றேன்.

எனக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும். மேலே நானே விளக்கியிருக்கிறேன். தெரிந்துதான் அப்படி மொழிபெயர்த்தேன். விடுதிக்கு வருகிற அத்தனை பேரையும் இளக்காரமாகப் பார்க்கிறவள் நான். அந்த நாளில் என்னைவிட இளக்காரமான ஆள் அந்த விடுதியில் இல்லை.

"சரி, அவளை நிறுத்திவிடு. உரிமத்தை ரத்து செய்யச் சொல்லி நான் அதிகாரிகளுக்கு எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

6

இரண்டு நாள் கழித்து ரெஹேமா மறுபடி வந்தாள். இந்தமுறை கையில் ஒரு வெள்ளைத்தாள், பேனா.

"உரிமத்தைப் புடுங்காதீங்கன்னு ஒரு மனு எழுதணும். நீ நல்லா எழுதுவேன்னு சமையல்கட்டுல சொன்னாங்க" என்றாள். "கை இப்பிடி இருக்குது, என்னால முடியல."

தாளை வாங்கினேன். தெருவில் எத்தனை பேர் இப்படி வந்து உட்கார்ந்திருப்பார்கள். கை தானாகத் தொடக்கத்தை எழுதிவிட்டது. நடுவில் வந்ததும் நின்றேன்.

அவள் அதைக் கவனித்தாள். "யாரு எடுக்கச் சொன்னாங்கன்னு எழுத வேணாம், தாதா. பேரு வேணாம். உனக்கு பர்மிட் புதுப்பிக்கற நேரம். எனக்கு உரிமம் இருந்தா போதும்."

பேரு வேணாம். மண்டியில் மூட்டை தூக்கிய அப்பா தன் முதலாளிக்குப் பயந்து சொன்ன அதே சொல். இவள் எதற்குச் சொல்கிறாள்? எங்கள் தெருவில் அந்தக் கடைக்காரன் இருந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். என் மூஞ்சியில் முழிக்க வேண்டுமே என்று ஒருத்தி யோசிக்கிறாள். இவ்வளவு படித்து நான் வந்து சேர்ந்த இடம் அது.

அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, முதலாளிக்கு இரண்டு வரி எழுதினேன். "ரெஹேமா போக வேண்டாம் என்றாள். நான்தான் போகச் சொன்னேன். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, நான் அப்படிச் சொன்னது பொய்." அவள் மனுவிலும் என் பெயரை முழுதாக, தலைப்பெழுத்தோடு போட்டேன்.

முதலாளி திட்டவில்லை. "நேர்மைக்கு நன்றி" என்று ஒரு வரி, என் பதவியை எடுத்ததாக அடுத்த வரி. நான் முன்பதிவு மேசைக்கு வந்தேன். அனுமதிச் சீட்டுக்குப் புதுப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. உள்ளூர்க்காரரிடம் இல்லாத என்ன திறமை? "தமிழ் பேசுவார்" என்று எழுதினேன். அதையாவது யாரும் மறுக்க முடியாது. ரெஹேமாவின் உரிமம் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு தப்பியது. மழை முடிந்ததும் வண்டி ஓட்ட வந்துவிட்டாள். அந்த மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்குவதில்லை.

விஷயத்தைச் சொன்னபோது அம்மா, "யாருமே கேக்காம நீயா எதுக்குடி போய் எழுதின?" என்று அழுதாள். அப்பா தொலைபேசியை வாங்கினார்.

"பேரு போட்டியா?"

"போட்டேன்பா."

"சரி விடு. அந்தப் பொண்ணு மூஞ்சில முழிக்கலாம் இல்ல" என்றார்.

7

நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மரகதப் பருவத்துக்கு வருகிறவர்களைப் பற்றி என் கருத்து மாறவில்லை. எந்தத் தெரு என்று கேட்பவர்களைப் பற்றியும் மாறவில்லை, மாறாது.

இன்று காலை மழை வந்ததும் விருந்தினர்கள் ஆறு பேர் சாமான்களோடு என் மேசைக்கு வந்தார்கள். விமானம் காத்திருக்கிறது. வெளியே தூறல்தான், ஆறு வெறும் மணல். ரெஹேமா படியில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பி வைத்த ஒருவர் மேசையைத் தட்டினார்.

"மணல் காய்ந்துதானே கிடக்கிறது? இப்போது போகலாமா, கூடாதா? உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எனக்குத் தெரியாது" என்றேன். "அவளுக்குத் தெரியும். அவள் சொல்லும்போது போவீர்கள்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்கு எப்படித் தெரியும் என்பது அப்படியே எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே பார்வை. பார்க்கட்டும் என்று, அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.